சீன மாடலை வரவழைக்கவா, குளோபல் மாடல் வரும்வரை பொறுக்கவா?

நீலவானம்:

வணக்கம். இப்போதைய போனுக்கு செக்யூரிட்டி அப்டேட் நின்றுவிட்டது, பேட்டரியும் பாதி நாளுக்கு மேல் தாங்குவதில்லை. மாற்றியே ஆகவேண்டும். ஆனால் தலைபோகிற அவசரம் இல்லை, நான்கைந்து மாதம் ஓட்டலாம்.

பார்த்து வைத்திருப்பது ஷாவ்மியின் ஒரு ஃபிளாக்ஷிப், அதாவது அவர்களின் உயர்ரக மாடல். இப்போதைக்கு சீனாவில் மட்டும்தான் விற்கிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு ஆன்லைன் கடையில் "சீல் பிரிக்காத பெட்டி, குளோபல் ரோம் போட்டே அனுப்புவோம்" என்று போட்டிருக்கிறார்கள் (ரோம் என்றால் போனில் ஏற்றியிருக்கும் இயங்குதள சாஃப்ட்வேர், குளோபல் என்றால் சீனாவுக்கு வெளியே விற்கும் வகை). விலையும் ஈர்க்கிறது. நெட்வொர்க் ஒழுங்காக வேலை செய்யுமா? மொத்தச் செலவை எப்படிக் கணக்குப் போடுவது? குளோபல் மாடலுக்குக் காத்திருப்பதில் நிஜமாகவே லாபம் உண்டா?

அலைவரிசை:

முதலில் மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விளம்பரப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஷாவ்மியில் எண்ணின் கடைசி எழுத்து சி என்றால் சீனா, ஜி என்றால் குளோபல், ஐ என்றால் இந்தியா. சாம்சங்கிலும் இதே கதைதான்: யு அமெரிக்கா, என் கொரியா, 0 என்று முடிந்தால் சீனா, ஹாங்காங் பக்கத்து வகை.

அந்த எண்ணுக்குரிய பேண்ட் (போன் பிடிக்கும் அலைவரிசைத் தொகுதி) பட்டியலைத் தயாரிப்பாளரின் பக்கத்திலேயே எடுங்கள். உங்கள் ஆபரேட்டர் பயன்படுத்தும் பேண்டுகளை இன்னொரு பக்கம் எழுதி ஒப்பிடுங்கள். பலரும் 5ஜியின் என்78 பேண்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது 3.5 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். வெளியில் வேகம் பறக்கும், ஆனால் சுவரைத் தாண்டி உள்ளே வருவதற்குள் வலுவிழந்துவிடும். வீட்டுக்குள்ளும் அடித்தளத்திலும் லிஃப்ட் பக்கத்திலும் சிக்னலைக் காப்பாற்றுவது 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள்தான். சீன மாடல்களில் அடிக்கடி விடுபடுவதும் இவைதான், குறிப்பாக பேண்ட் 20 (800), பேண்ட் 28 (700). உங்கள் ஆபரேட்டரின் தாழ் பேண்ட் அந்தப் போனில் இல்லையென்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். இதை எந்த சாஃப்ட்வேர் மாற்றத்தாலும் சேர்க்க முடியாது.

அடுத்தது வோல்டீ, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி. பேண்ட் எல்லாம் பொருந்தினாலும், உங்கள் ஆபரேட்டருக்கான வோல்டீ அமைப்பு அந்த ரோமில் இல்லையென்றால் போன் அந்தச் சேவையில் பதிவாகாது. அப்போது கால் செய்யும்போதெல்லாம் 3ஜி அல்லது 2ஜிக்கு இறங்கும். அந்தப் பழைய நெட்வொர்க்குகளை மூடிவிட்ட இடத்தில் இறங்க எதுவுமே இருக்காது: இணையம் ஓடும், கால் போகாது. ஷாவ்மியில் டயலரில் *#*#86583#*#* அழுத்தினால் ஆபரேட்டர் சரிபார்ப்பு விலகி வோல்டீ சுவிட்ச் தெரிய வரும். சில ஆபரேட்டர்களிடம் இது வேலை செய்கிறது, சிலரிடம் இல்லை. அதை நம்பி வாங்குவது சூதாட்டம். அதே மாடல் எண், அதே ஆபரேட்டர் என்று யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது மேல்.

பழுதுமேசை:

சீல் பிரிக்காத பெட்டிங்கிறாங்க, குளோபல் ரோம் போட்டுத் தர்றோம்ங்கிறாங்க. ரெண்டுல ஒண்ணு பொய். பெட்டியைத் திறந்து, பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது எந்த ரோம் ஓடலாம்னு சரிபார்க்கற பூட்டு) அன்லாக் பண்ணாம ரோமை மாத்த முடியாது. திறந்து மாத்திட்டு மறுபடி சீல் ஒட்டுறாங்கன்னுதான் அர்த்தம்.

அன்லாக் ஆன போன்ல என்ன ஆகும்? போன்ல யாரும் கைவைக்கலையான்னு கூகுள் பார்க்கற ப்ளே இன்டெக்ரிட்டி சோதனை தோத்துப்போகும், அதனால பேங்க் ஆப், காண்டாக்ட்லெஸ் பேமென்ட் எல்லாம் மறுக்கும். வீடியோவைக் காப்பி அடிக்காம காக்கற வைட்வைன் பாதுகாப்பு எல்1-லிருந்து எல்3-க்கு இறங்கிட்டா ஸ்ட்ரீமிங் ஆப்கள்ல எச்டி கிடைக்காது. கடைக்காரர் ஒட்டுப்போட்ட ரோமா இருந்தா ஓடிஏ அப்டேட்டும் (இணையம் வழியா நேரா வர்ற அப்டேட்) வராது. அதோட முடியல, இன்னொரு ஆபத்தும் இருக்கு: சீன ஹார்ட்வேர்ல குளோபல் ரோம் இருக்கும்போது "பாதுகாப்பா இருக்கட்டும்"னு பூட்லோடரைத் திரும்ப லாக் பண்ணினா, இந்த வெர்ஷன் இந்தச் சாதனத்துக்கு உரியதில்லைன்னு ஒரு திரை வந்து போன் அங்கேயே நின்னுடும். மீட்க சீன ரோமைத் திரும்ப ஃபிளாஷ் பண்ணணும், அதுக்கும் பல சமயம் சர்வீஸ் சென்டர் அனுமதி உள்ள கணக்கு வேணும்.

அதனால வாங்கறதா இருந்தா சீன ரோமோட, தொடாத நிலையிலதான் வாங்கணும். அது நீங்க நினைக்கிற அளவுக்கு மோசம் இல்ல. கூகுள் சேவைகளை செட்டிங்ஸ்ல ஆன் பண்ணி, ப்ளே ஸ்டோரை ஷாவ்மியோட ஆப் ஸ்டோர்லேர்ந்து போட்டுக்கலாம். மெனு சீனத்திலயும் ஆங்கிலத்திலயும்தான் வரும், தமிழ் மெனு எதிர்பார்க்காதீங்க. கூகுள் கீபோர்டான ஜிபோர்டு போட்டா தமிழ்ல அடிக்கறதுக்குத் தடை இல்ல. முக்கியமான தொல்லை நோட்டிஃபிகேஷன். பின்னணியில ஓடற ஆப்களை அந்த ரோம் மூர்க்கமா மூடும். மெசேஜ் ஆப், மெயில், பேங்க் ஆப் ஒவ்வொண்ணுக்கும் ஆட்டோஸ்டார்ட் ஆன், பேட்டரியில "கட்டுப்பாடு இல்லை", ரீசன்ட்ஸ்ல (சமீபத்துல திறந்த ஆப் பட்டியல்) பூட்டு. மூணையும் செய்யணும். ஒண்ணை விட்டாலும் ஓடிபி தாமதமா வந்து கடுப்பேத்தும். கார்ல ஆண்ட்ராய்டு ஆட்டோ அவசியம்னா தனியா விசாரிச்சுக்கோங்க, சீன ரோம்ல அது அடிக்கடி முரண்டு பிடிக்கும்.

சீன மாடலுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: பேட்டரி. ஷாவ்மி 15 அல்ட்ரா சீனாவுல 6000 எம்ஏஎச், குளோபல்ல 5410. ஹானர் மேஜிக் 7 ப்ரோ அங்க 5850, ஐரோப்பாவுல 5270. ஒரு செல்லுக்கு 20 வாட்-மணியைத் தாண்டினா, அனுப்பும்போது அபாயகரச் சரக்குக்கான முழு விதிமுறையும் வந்துடும், அதனாலதான் வெளிச்சந்தைக்கு அந்தக் கோட்டுக்குக் கீழ வர்ற மாதிரி குறைச்சு விடறாங்க. பின்னால பேட்டரி மாத்தும்போது போன் பெயரைச் சொல்லி உதிரி வாங்கிடாதீங்க. பழைய பேட்டரி மேல அச்சடிச்ச பார்ட் எண்ணைப் பார்த்து வாங்கணும்.

சுங்கக்கணக்கு:

செலவைப் பற்றி. கடையில் காட்டும் விலை 100 என்று வையுங்கள். கூரியர் 5, காப்பீடு 1. பெரும்பாலான நாடுகளில் சுங்கவரி இந்த மூன்றும் சேர்ந்த 106-க்குத்தான், போன் விலைக்கு மட்டும் அல்ல. சுங்கம் 10% என்றால் 10.6. அடுத்து வரும் விற்பனை வரி, சுங்கத்தையும் சேர்த்த 116.6-க்கு. அது 18% என்றால் ஏறக்குறைய 21. இதோடு 137.6 ஆகிவிட்டது. வரியை உங்கள் சார்பில் கட்டியதற்குக் கூரியர் கம்பெனி தனியாக ஒரு கட்டணம் போடும், அது 3 என்றால் 140.6. விகிதங்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் நாட்டின் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். வரிசை இதுதான். ஆக 25% மலிவு என்று தெரிந்தது கைக்கு வரும்போது உள்ளூர் விலையைத் தாண்டியிருக்கலாம்.

பில்லில் விலையைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். பார்சல் தொலைந்தால் காப்பீடு அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும். சுங்கத்தில் பிடித்தால் அபராதம் கட்டுவது நீங்கள், அவர் அல்ல.

சில நாடுகளில் வெளியிலிருந்து வரும் போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐயைப் பதிவு செய்து கட்டணம் கட்டாவிட்டால், குறிப்பிட்ட காலத்துக்குப்பின் உள்ளூர் சிம் வேலை செய்யாது. துருக்கி, பாகிஸ்தான், இந்தோனேசியா இந்த வகை. உங்கள் நாட்டில் அப்படி உண்டா என்பதைப் பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

வாரண்டி என்பது விற்ற நாட்டுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பலாம் என்ற நினைப்பும் பேட்டரி விஷயத்தில் உதவாது: உப்பிய, சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்ற விதியே அனுமதிக்காது. பேட்டரி பழுதானால் கடைக்காரரின் 'ரிட்டர்ன் பாலிசி' வெறும் காகிதம்.

நீலவானம்:

மூவருக்கும் நன்றி. தாழ் பேண்ட், மாடல் எண் இரண்டையும் இன்றே சரிபார்க்கிறேன். காத்திருந்தால் எத்தனை மாதம் ஆகும் என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா? வரவே வராது என்றால்?

அலைவரிசை:

முந்தைய வரிசையைப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஷாவ்மி 14 சீனாவில் 2023 அக்டோபர், வெளியே 2024 பிப்ரவரி. ஷாவ்மி 15 அங்கே 2024 அக்டோபர், வெளியே 2025 மார்ச். ஒன்பிளஸ் 13 கொஞ்சம் வேகம்: 2024 அக்டோபர் கடைசியில் அங்கே, 2025 ஜனவரியில் வெளியே. ஆக ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு மாதம். உங்கள் நான்கைந்து மாத அவகாசத்துக்குள் அடங்கிவிடுகிறது.

சில மாடல்கள் சீனாவோடு நின்றுவிடுவதும் உண்டு. ஜி என்று முடியும் மாடல் எண் புளூடூத் சான்றிதழ்ப் பட்டியலிலோ அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் பட்டியலிலோ ஏறியிருந்தால் குளோபல் வெளியீடு நெருங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படி எதுவுமே இல்லாமல், வெறும் யூடியூப் கசிவை நம்பிக் காத்திருப்பதில் பொருள் இல்லை.

எந்த மாதத்தில் வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். குவால்காமின் புது உயர்ரக சிப் இப்போதெல்லாம் செப்டம்பர், அக்டோபரில் வருகிறது, அதைத் தொடர்ந்தே சீன ஃபிளாக்ஷிப்கள். நவம்பரில் வரவழைத்தால் ஏறக்குறைய ஒரு வருடம் அது புது மாடல். அதையே ஜூலையில் வரவழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை: அதற்குள் குளோபல் மாடல் கிடைத்துக்கொண்டிருக்கும், அடுத்ததும் எட்டிப் பார்க்கும். அப்டேட் வருடங்களும் பொதுவாக மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகின்றன, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

இடைப்பட்ட மாதங்களுக்குப் பழைய போனில் பேட்டரியை மட்டும் மாற்றிவிடுங்கள். அப்டேட் நின்ற போனில் பேங்க் ஆப் வைத்திருப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

நீலவானம்:

கடையில் கேட்டேன். எண் சி என்று முடிகிறது. பேண்ட் 28 இல்லை, ஆனால் என் ஆபரேட்டரின் தாழ் பேண்ட், பேண்ட் 8 (900 மெகாஹெர்ட்ஸ்); அது இருக்கிறது. ரோம் மாற்றாமல் அனுப்பச் சொல்லலாமா?

பழுதுமேசை:

சொல்லலாம், ஆனா கடையோட சாட்லயே எழுத்துல வாங்குங்க: ரோம் மாத்தக்கூடாது, பூட்லோடர் லாக்ல இருக்கணும். வந்ததும் பெட்டி பிரிக்கறதை வெட்டில்லாம ஒரே வீடியோவா எடுங்க, பார்சல் லேபிள் தெரியற மாதிரி. ஆன் பண்ணின உடனே *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐ எண்ணும் பெட்டி மேல இருக்கற எண்ணும் ஒண்ணான்னு பாருங்க. போன் ஆன் ஆகும்போது லோகோவுக்கு மேல திறந்த பூட்டுச் சின்னம் தெரிஞ்சா அன்லாக் பண்ணியிருக்காங்க. கூகுள் கணக்கைப் போடாம அப்படியே புகார் எழுப்புங்க.

அது சரியா இருந்தா, சிம் போட்டு ஒரு கால் பண்ணிக்கிட்டே மேல இருக்கற சின்னத்தைப் பாருங்க, 4ஜி 4ஜியாவே நிக்கணும். வீட்டுல சிக்னல் மோசமான அறைக்குள்ள போய் இன்னொரு கால். இன்னொண்ணு, நீங்க இப்போ இ-சிம் வெச்சிருந்தா அதைச் சாதாரண சிம்மா மாத்தி வாங்கி வெச்சுக்கோங்க. சீன மாடல்கள்ல பெரும்பாலும் ரெண்டு நானோ சிம்தான், இ-சிம் கிடையாது.