ஃப்யூவல் ட்ரிம்: ‘எரிபொருள் ஈடு’ எனலாமா?

வணக்கம். எஞ்சின் கணினி பெட்ரோல் அளவைத் திருத்துவதைக் குறிக்கும் ‘ஃப்யூவல் ட்ரிம்’ என்ற சொல்லைத் தமிழில் ‘எரிபொருள் நறுக்கல்’ என்று எழுதிய நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. அகராதியில் ட்ரிம் என்றால் நறுக்குவதுதான், ஆனால் கணினி பெட்ரோலைக் குறைப்பதோடு நிற்பதில்லை, தேவைப்பட்டால் கூட்டியும் கொடுக்கிறது. இங்கே தர்மபுரிப் பட்டறைகளில் அந்தக் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு ‘ட்ரிம் ப்ளஸ்ல நிக்குது’ என்பார்கள். ‘நறுக்கல் ப்ளஸ்’ என்றால் சிரிக்க மாட்டார்களா?

உள்ளே வரும் காற்றையும் எஞ்சின் வேகத்தையும் வைத்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறக்க வேண்டும் என்று கணினி முதலில் ஒரு கணக்குப் போடும். எத்தனால் கலக்காத பெட்ரோல் என்றால் எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு. எரிந்தபின் ஆக்ஸிஜன் மிச்சமா என்று புகைக்குழாயில் இருக்கும் சென்சார் சொல்லும். வழக்கமான வகையில் 0.1 வோல்ட் பக்கம் நின்றால் பெட்ரோல் போதவில்லை, 0.9 பக்கம் போனால் அதிகம். அதைப் பார்த்துக் கணினி தன் கணக்கைச் சதவீதத்தில் ஏற்றி இறக்குகிறதே, அதுதான் ட்ரிம். இவ்வளவு கறார் எதற்கு என்றால், கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் ஒருசேர மாற்ற, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு அந்த விகிதத்தை ஒட்டியே கலவை வேண்டும்.

ஆகவே ‘ஈடு’. எங்கோ ரப்பர் குழாய் வெடித்து, அளக்கப்படாத காற்று உள்ளே நுழைந்தால் அதற்கு ஈடாகப் பெட்ரோல் கூடுகிறது, ஈடு +15. இன்ஜெக்டர் ஒழுகினால் ஈடு மைனஸில் போகும். இரண்டு பக்கமும் பொருந்துகிற சொல். நொடிக்கு நொடி மாறுவதை ‘உடன் ஈடு’ என்றும், கணினி நினைவில் வைத்துக்கொள்வதைப் ‘பழகிய ஈடு’ என்றும் பிரிக்கலாம். ஆங்கிலத்தில் பின்னது ‘லாங் டெர்ம்’ என்பதற்காக ‘நீண்டகால ஈடு’ வேண்டாம், வங்கிக் கடன் வாடை அடிக்கிறது. இட்லிக்கும் ஈடு உண்டே என்று யாராவது கேட்பீர்கள், முன்னால் ‘எரிபொருள்’ இருக்கும்போது குழப்பம் வராது.

இன்னொன்று பாக்கி. தொப்பூர் இறக்கத்தில் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜெக்டர் முழுவதும் மூடிவிடும். நியூட்ரலில் உருட்டினால்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போகும், எஞ்சினின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கும் தனியாகத் திணறும். அந்த அடைப்பு ஈட்டில் சேராது, வேறு சொல் வேண்டும். ‘ஊட்டநிறுத்தம்’ என்று வைத்திருக்கிறேன், அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வேறு இருந்தால் எழுதுங்கள்.