ஹார்ட் ஃபெயிலியர் நோயாளி டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டில் தானே கவனித்துக்கொள்ள எதை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: வார்டு_சிஸ்டர்

ஹார்ட் ஃபெயிலியரில் (இதயச் செயலிழப்பு) அட்மிட் ஆகிறவர்களுக்கு டிஸ்சார்ஜ் அன்று ஒரு பக்கத் தாள் கொடுத்து அனுப்புகிறோம். உப்பைக் குறைக்கவும், தண்ணீரை அளந்து குடிக்கவும், தினமும் எடை பார்க்கவும், மாத்திரையை விட வேண்டாம். அவ்வளவுதான். வாசித்துக் காட்டினால் நோயாளியும் தலையாட்டுகிறார், கூட இருப்பவரும் தலையாட்டுகிறார். ஒரு மாதத்துக்குள் அதே மூச்சிரைப்போடும் கால் வீக்கத்தோடும் திரும்பி வருகிறவர்கள் குறையவே இல்லை.

இதில் புரியாத விஷயம், பலர் எடை எழுதிய நோட்டையும் கையோடு கொண்டுவருகிறார்கள். 62.0, 62.4, 62.9, 63.5, 64.1 என்று ஏறிக்கொண்டே போனது அதிலேயே இருக்கிறது. ஆனால் யாரும் போன் பண்ணவில்லை.

தாளைப் புதிதாக எழுதப் போகிறோம். எடை எவ்வளவு ஏறினால் கூப்பிடச் சொல்வது, உப்புக்கும் தண்ணீருக்கும் என்ன அளவு போடுவது (டாக்டருக்கு டாக்டர் ஒன்று சொல்கிறார்கள்), மாத்திரையில் எங்கே தவறு நடக்கிறது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: எச்எஃப்_கிளினிக்

சிஸ்டர், நீங்க கொடுத்த அந்த அஞ்சு எண்ணுலயே பதில் இருக்கு. வழக்கமா தாள்ல என்ன போடுறோம்? "ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, மூணு நாளில் ரெண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் கூப்பிடவும்." அந்த நோட்டைப் பாருங்க. ஒரு நாள் கூட ஒரு கிலோ ஏறலை. எந்த மூணு நாளை எடுத்தாலும் ரெண்டு கிலோ வரலை. அவங்க விதிப்படிதான் நடந்திருக்காங்க. நேத்தோட மட்டும் ஒப்பிட்டா, மெதுவா உடம்புல சேர்ந்து எடையை ஏத்துற நீர் கடைசி வரைக்கும் தெரியாது.

அதனால ஒப்பிட வேண்டியது அடிப்படை எடையோட. வீக்கம் வடிஞ்சு, மூச்சு சீரா இருக்கிறப்போ உள்ள எடை. நோட்டு அட்டையிலேயே பெருசா எழுதிக் கொடுங்க: "என் எடை 62. 64 ஆனால் அன்றைக்கே போன்." வேகமா ஏறுறதுக்கான பழைய விதியும் இருக்கட்டும், ஆனா ரெண்டாவது வரியா.

அடிப்படை எடையை ஆஸ்பத்திரி மெஷின்ல பார்த்ததை வெச்சு எழுதாதீங்க. வீட்டு மெஷின் ஒரு கிலோ கூடவோ குறையவோ காட்டலாம். வீட்டுக்குப் போன மறுநாள் காலையில வீட்டு மெஷின்ல வர்ற எண்தான் தொடக்கம். முதல் விசிட்ல டாக்டர் பார்த்துட்டு அதை உறுதிப்படுத்தணும், ஏன்னா சிலர் நீர் முழுசா வடியாமலேயே டிஸ்சார்ஜ் ஆகிடுறாங்க. அப்போ அந்தத் தொடக்க எண்ணே தப்பு.

பார்க்கிற முறையும் எழுதணும். காலையில எழுந்ததும், சிறுநீர் போன பிறகு, எதுவும் சாப்பிடுறதுக்கு முன்னாடி, ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில. மெஷின் கெட்டியான தரையில இருக்கணும். மிதியடி, கம்பளம் மேல வெச்சா எண் மாறும்.

இன்னொண்ணு, எடையை மட்டும் நம்பக்கூடாது. பசி இல்லாம இளைச்சுக்கிட்டே வர்றவருக்குச் சதை குறையும், அதே அளவுக்கு நீர் சேரும். மெஷின்ல எண் அசையாது. இவங்களுக்கு அறிகுறிதான் வழி. ஒரு தலையணை போதும்னு இருந்தவருக்கு ரெண்டு தேவைப்படுதா? குனிஞ்சு செருப்பு மாட்டும்போது மூச்சு முட்டுதா? படுத்தா வறட்டு இருமல், நடுராத்திரி மூச்சடைச்சு எழுந்து உட்கார்றது, ரெண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கிறது, இடுப்புக் கயிறு இறுகுறது, இதெல்லாம் கேட்கணும். கால் வீக்கத்துக்கு, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு மேல கட்டை விரலால அஞ்சு விநாடி அழுத்தி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. குழி நின்னா நீர் இருக்கு. படுத்த படுக்கையா இருக்கிறவருக்கு நீர் காலுக்கு இறங்காது, இடுப்புக்குப் பின்னாடி தேங்கும். அங்கே பாருங்கன்னு வீட்டுக்காரங்களுக்குக் காட்டிக்கொடுக்கணும்.

போன் பண்ணாததுக்கு அடுத்த காரணம், யாருக்குப் பண்றதுன்னு தெரியாதது. தாள்ல இருக்கிற ஆஸ்பத்திரி பொது நம்பர்ல யார் எடுப்பாங்க, எடுத்தவர் என்ன செய்வார்? நேரடி நம்பர், எத்தனை மணிக்குள்ள, அதுக்கப்புறம்னா எங்கே போகணும், இந்த மூணும் இல்லாத தாள் பாதித் தாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் எடை ஏறினா பெரும்பாலானவங்க திங்கட்கிழமை பார்த்துக்கலாம்னு விட்டுடுவாங்க. "விடுமுறை நாளிலும் காத்திருக்க வேண்டாம்"னு தனி வரியாவே போடுங்க.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, படுக்கவே முடியாத நிலை, நெஞ்சு வலி, மயக்கம், இளஞ்சிவப்பு நுரையா சளி இருந்தா போன் பண்ணிக்கிட்டு இருக்கக்கூடாது, நேரா ஆம்புலன்ஸ்தான்.

எடை ஏறினா, உடம்பு நீரைச் சிறுநீரா வெளியேத்துற நீர் மாத்திரையைத் தானே கூட்டிக்கிற திட்டம் சிலருக்கு நல்லா வேலை செய்யும். ஆனா டாக்டர் அந்த நோயாளிக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கணும்: எந்த எடையில தொடங்கணும், எத்தனை மாத்திரை கூடுதல், அதிகபட்சம் எத்தனை நாள், எந்த எடைக்கு வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பணும். நிறுத்துற வரி இல்லாம ஆரம்பிக்கிற வரியை மட்டும் கொடுத்தா, கூடுதல் டோஸ் வாரக்கணக்கில ஓடும். பொட்டாசியம் இறங்கி, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த அளவு) ஏறி, தலைசுத்தி விழுந்து வருவாங்க. எடை அடிப்படைக்குக் கீழே ரெண்டு கிலோ போனாலும் கூப்பிடச் சொல்லணும். இதைப் பெரும்பாலான தாள்கள் மறந்துடுது.

பதில் 2: மருந்துச்சீட்டு

மாத்திரைப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ஆபத்து, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைப் பெட்டி. புதுச் சீட்டு வந்தாலும் பழைய பட்டைகள் அப்படியே இருக்கும். ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் வந்தால் இரண்டையும் போடுவார்கள், பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மருந்து) இரட்டிப்பாகி நாடித்துடிப்பு 45-க்கு இறங்கி வருவது இப்படித்தான். ராமிப்ரில், எனாலாப்ரில் போன்றவற்றிலிருந்து சாக்குபிட்ரில்-வால்சார்டனுக்கு மாற்றினால் கடைசி டோஸுக்கும் புது மருந்துக்கும் நடுவே 36 மணி நேரம் இடைவெளி வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சுக்குழாய் அடைபடலாம். எனவே டிஸ்சார்ஜ் சீட்டில் "இனி போட வேண்டியவை" என்று மட்டும் இல்லாமல் "நிறுத்தியவை" என்று இன்னொரு கட்டமும் வேண்டும். முடிந்தால் வீட்டுப் பெட்டியை முழுசாகக் கொண்டுவரச் சொல்லி, எதிரிலேயே பிரித்துக் கொடுங்கள்.

இரண்டாவது, வலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென் எல்லாமே சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும், நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். முட்டி வலிக்கு நாலு நாள் போட்டதே மறுபடி அட்மிட் ஆகக் காரணமாகிவிடும். பாராசிட்டமால் போடலாம். ஆனால் தண்ணீரில் போட்டதும் பொங்கிக் கரையும் வகை வேண்டாம். அதில் மாத்திரைக்குச் சுமார் 400 மி.கி. சோடியம் உண்டு. நாளைக்கு ஆறு போட்டால் 2400 மி.கி., அதாவது உப்புக் கணக்கில் 6 கிராம். சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டு இங்கே விழுங்கிக்கொண்டிருப்பார்கள். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரையும் கூடாது.

மூன்றாவது, "சோடியம் குறைந்த உப்பு". நல்லது என்று நினைத்து வாங்குவார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. ஸ்பைரோனோலாக்டோனும் வால்சார்டன் வகையும் போடுகிறவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறும் வாய்ப்பு அதிகம். இதுவும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பெயரைச் சொல்லித் தடுக்காவிட்டால் வாங்கத்தான் செய்வார்கள்.

ஃப்யூரோஸெமைடு என்ற நீர் மாத்திரையை வெளியூர், விசேஷம் என்றால் விட்டுவிடுகிறார்கள், வழியில் கழிப்பறை கிடைக்காது என்ற பயம். நியாயமான பயம்தான். மாத்திரை போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் சிறுநீர் வரத் தொடங்கி ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆகவே "விடாதீர்கள், நேரத்தைத் தள்ளிப்போடுங்கள்" என்று சொன்னால் கேட்பார்கள். வீடு திரும்பி மதியம் போடலாம். இரண்டு வேளை போடுகிறவர் இரண்டாவதை மாலை 4 மணிக்கு முன்பே முடித்தால் இரவுத் தூக்கம் கெடாது.

பி.பி. மெஷின் உள்ள வீடுகளில் மேல் எண்ணை 100-க்குக் கீழே பார்த்ததும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். தலைசுற்றல் இல்லாமல் எண் மட்டும் குறைவாக இருந்தால் அது நிறுத்தக் காரணம் அல்ல, கேட்டுவிட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்துவது குறிப்பாக ஆபத்து. தொடங்கின முதல் சில வாரம் அசதி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்தமாட்டார்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிடவே முடியாத காய்ச்சல் வந்தால் கதை வேறு. அன்றைக்கு நீர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் அல்லது வால்சார்டன் வகை, டாபாக்ளிஃப்ளோஸின் அல்லது எம்பாக்ளிஃப்ளோஸின், இவற்றைத் தொடரலாமா என்று உடனே போனில் கேட்க வேண்டும். எதைத் தற்காலிகமாக நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதைத் தாளில் முன்பே எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. டாபாக்ளிஃப்ளோஸின், எம்பாக்ளிஃப்ளோஸின் இரண்டும் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு தரலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மருந்தை விட்டுவிடுவார்கள், நாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

பதில் 3: டாக்டர்_இதயம்

உப்பு, தண்ணீர் பற்றி டாக்டர்கள் ஆளுக்கொன்று சொல்லக் காரணம் இருக்கிறது, சான்றுகளே அவ்வளவு கறாராக இல்லை. 2022-ல் வந்த சோடியம்-எச்எஃப் ஆய்வில் நாளைக்கு 1500 மி.கி.க்குக் கீழே சோடியத்தைக் குறைக்க முயன்றும் இறப்பும் அட்மிஷனும் குறையவில்லை. 2025-ல் ஃப்ரெஷ்-அப் ஆய்வு, நிலையாக இருக்கும் நோயாளிகளைத் தாகத்துக்கேற்பக் குடிக்கவிட்டு, 1.5 லிட்டர் கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டது. கட்டுப்பாட்டால் தெளிவான பலன் இல்லை, தாகத் தொல்லைதான் கூடியது.

தாளில் இப்படிப் போடுங்கள்: ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து உப்பு 5 கிராமுக்கு மேல் வேண்டாம், சின்ன டீஸ்பூனில் தலைதட்டி ஒன்று. பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருந்தால் அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. உப்பே இல்லாமல் சாப்பிடு என்று வயதானவரிடம் சொன்னால் அவர் சாப்பாட்டையே நிறுத்திவிடுவார். அது இன்னும் கெடுதல்.

தண்ணீர்க் கட்டுப்பாடு எல்லோருக்கும் பொதுவாக வேண்டாம். ரத்தத்தில் சோடியம் குறைவாக இருப்பவருக்கும், மருந்துக்கு அடங்காமல் நீர் சேருகிறவருக்கும் 1.5 முதல் 2 லிட்டர் என்று அந்த ஆளின் பெயரில் எழுதுங்கள். அளக்கிற வழி: காலையில் 1.5 லிட்டர் பாட்டிலை நிரப்புங்கள். பால், காபி, சூப் எது குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். பாட்டில் தீர்ந்தால் அன்றைய கணக்கு தீர்ந்தது.

ஆனால் என்னைக் கேட்டால், நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது தாளை அல்ல, முதல் விசிட் தேதியை. "ஒரு மாதம் கழித்து ஓ.பி.க்கு வரவும்" என்பது ரொம்பத் தாமதம். 7 நாளுக்குள், தேதியும் நேரமும் குறித்துக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். 2022-ல் வெளிவந்த ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வில் 1, 2, 3, 6-ஆவது வாரங்களில் வரவழைத்து, பரிசோதித்து, இரண்டே வாரத்தில் மருந்துகளை முழு டோஸுக்கு ஏற்றினார்கள். 180 நாளில் இறப்பு அல்லது இதயச் செயலிழப்புக்கான மறு அட்மிஷன் 15.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 23.3. டிஸ்சார்ஜில் கொடுத்த தொடக்க டோஸிலேயே ஆறு மாதம் ஓட்டுகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கினால் ஒரு வாரத்திலும் நாலாவது வாரத்திலும் ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் பார்ப்பது கட்டாயம். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் டோஸைப் பாதியாக்க வேண்டும், 6-ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும்.

வார்டு_சிஸ்டர்:

ரொம்ப நன்றி. அடிப்படை எடையை அட்டையில் எழுதுவதும் "நிறுத்தியவை" கட்டமும் நாளைக்கே தொடங்கிவிடலாம். இரண்டு சந்தேகம். தலையாட்டுகிறவருக்கு உண்மையில் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெஷினில் ஏறி நிற்கவே முடியாதவருக்கு என்ன செய்வது?

பதில் 4: எச்எஃப்_கிளினிக்

"புரிஞ்சுதா?"ன்னு கேட்டா ஆமாம்னுதான் வரும். "நான் ஒழுங்காச் சொன்னேனான்னு பார்க்கணும். நாளைக்குக் காலையில மெஷின் 64 காட்டுது, என்ன செய்வீங்க?"ன்னு கேளுங்க. "இன்னும் ரெண்டு நாள் பார்ப்பேன்"னு வந்தா, அந்த ஒண்ணை மட்டும் திரும்பச் சொல்லிக்கொடுத்துட்டு மறுபடி கேளுங்க. எல்லாத்தையும் டிஸ்சார்ஜ் அன்னைக்குக் கொட்டாதீங்க. பில்லு, வண்டின்னு அலையிற நேரத்துல எதுவும் தலையில ஏறாது. அட்மிட் ஆன மூணாம் நாள்ல இருந்தே வார்டு மெஷின்ல அவரையே எடை பார்க்கவெச்சு, அவர் கையாலேயே எழுதவிடுங்க. மறதி உள்ளவர்னா வீட்டுல யார் நோட்டு எழுதுவாங்களோ அவங்களை உட்காரவெச்சுச் சொல்லுங்க, பார்க்க வந்த சொந்தக்காரங்களுக்குச் சொல்லிப் பலன் இல்லை.

நிக்க முடியாதவருக்கு டேப். கணுக்கால் எலும்புக்கு மேல 10 செ.மீ. அளந்து அழியாத பேனாவால ஒரு கோடு போடுங்க. தினமும் காலையில, காலைத் தொங்கவிடுறதுக்கு முன்னாடி, அந்தக் கோட்டுல சுத்தளவு எடுத்து நோட்டுல எழுதணும். டேப் தோலைத் தொட்டா போதும், இறுக்கக்கூடாது. ரெண்டு காலும் சேர்ந்து பெருத்துக்கிட்டே போனா கூப்பிடணும். ஒரு கால் மட்டும் திடீர்னு பெருத்து வலிச்சா அது இதய நீரா இருக்காது, ரத்தம் உறைஞ்சிருக்கலாம். அன்னைக்கே காட்டணும்.