ஈரானில் இஸ்பஹான் நகரத்துப் பெரியானி சாப்பிட்டவர்கள் இருக்கிறீர்களா?

நக்‌ஷே ஜஹான் சதுக்கத்தைச் சுற்றிக் கால் ஓய்ந்தபிறகு கடைத்தெருவுக்குள் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தேன். பெரியானி என்று சொன்னதுமே மனசு ஆம்பூருக்குப் போய்விட்டது. பாரசீகத்தில் 'பெரியான்' என்றால் வறுத்தது, அவ்வளவுதான். சோறு வராது என்பது தட்டு வந்தபிறகுதான் உறைத்தது.

செம்மறிக் கறியை வெங்காயத்தோடு குழைய வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு அரைக்கிறார்கள். காய்ந்த புதினா, லவங்கப்பட்டை சேர்கிறது. நம் தாளிப்புக் கரண்டி மாதிரி காம்பு நீண்ட சின்னச் செப்புக் கரண்டியில் வட்டமாகத் தட்டி நெருப்பில் காட்டுகிறார்கள். கறி வெந்த சாற்றில் நனைத்த ரொட்டிமேல் அதை அப்படியே கவிழ்த்தால் முறுகிய பக்கம் மேலே வரும். அதன்மேல் பாதாம் சீவல்.

பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கவளம். அதுவும் கொத்துக்கறிதான் என்று பாதியைத் தின்றுவிட்டேன். என்னவென்று கேட்டதற்குக் கடைக்காரர் நெஞ்சில் கைவைத்து மூச்சை இழுத்து விட்டுக் காட்டினார். நுரையீரல்! வீட்டில் மிளகு போட்டு வறுத்தால் ரப்பராக இழுக்கும். இது அரைத்ததால் மெத்தென்று இருந்தது. சத்தியமாகக் கறியைவிட அதுதான் பிடித்தது. கறியில் கொழுப்பு அதிகம், காரம் துளியும் கிடையாது. பச்சை வெங்காயமும் ரைஹான் இலையும் (நம்ம திருநீற்றுப்பச்சிலை வாசம்) கடித்துக்கொண்டால்தான் இறங்குகிறது.

*

கொடுத்துவைத்தவர் நீங்கள். நான் 33 வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு (ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை) ராத்திரி எட்டு மணிக்குத் தேடிப் போனேன். கேட்ட இரண்டு கடையிலும் சிரித்தார்கள். அது மதியச் சாப்பாடாம். மறுநாள் கிடைத்தது. கூடவே எலும்புச் சாறு ஒரு கிண்ணம் வாங்குங்கள். ரொட்டியைப் பிய்த்துப்போட்டு ஊறவைத்துத் தின்பதை 'தெலீத்' என்கிறார்கள். எனக்கு நாக்கில் நிற்பது அதுதான்.

*

பெரியானியாவது பார்த்தாலே கறி என்று தெரிகிறது. அதே ஊரில் 'கொரேஷ்தே மாஸ்த்' என்று ஒன்று. மஞ்சளாக, சில்லென்று, மேலே சிவப்பாகப் புளிப்புப் பழம். ஏதோ குங்குமப்பூ போட்ட தயிர் இனிப்பு என்று வாயில் வைத்தேன். இனிப்புதான், ஆனால் பல்லில் நார்நாராக மாட்டியது. ஆட்டுக் கழுத்துக்கறியாம்! தயிர், சர்க்கரை, குங்குமப்பூவோடு இழைய அடித்துக் கிண்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரி ஒரு கரண்டியோடு தள்ளிவிட்டாள். நான் முழுக் கிண்ணத்தையும் முடித்தேன், காசு கொடுத்தாயிற்றே.