ரிப்போர்ட்ல 'உப்பு'ன்னா எந்த உப்பு? உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுங்க

வெயிலான்:
அப்பாவுக்கு 74. பிரஷருக்கு நீர் பிரியிற மாத்திரை போடறார். மூணு நாளா வாந்தி. நாலாம் நாள் காலையில வேட்டி மடிப்பை நோட்டு எண்ணுற மாதிரி திரும்பத் திரும்ப எண்ணிட்டிருந்தார். என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?"ன்னார். ஆஸ்பத்திரியில சோடியம் 116, 135க்குக் குறையக் கூடாதாம். ஒரு வருஷமா அவர் தட்டுல இருந்து ஊறுகாயைப் பிடுங்கினவன் நான். அந்த 'நீங்க'தான் இன்னும் உறுத்துது.

மல்லிப்பூ:
எங்க வீட்டுல வேற உப்பு. மாமியாருக்குக் கிட்னி டெஸ்ட்ல கிரியேட்டினின் 2.8. "உப்பு ஏறியிருக்கு"ன்னாங்க. நான் சமையல் உப்புதான்னு நினைச்சு, சோடியம் குறைஞ்ச உப்புப் பாக்கெட் வாங்கிப் போட்டேன். அதுல பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? பொட்டாசியம் 6.7க்குப் போயிடுச்சு. ஈசிஜியில அலை கூடாரம் மாதிரி கூராக் கிளம்பி நின்னுச்சு, டியூட்டி டாக்டர் பேப்பரைக் கையில பிடிச்சபடியே ஓடினார். கிரியேட்டினின் உப்பே இல்லையாம், தசையில உண்டாகுற கழிவாம். இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

பழைய லேப்காரன்:
எங்க மச்சானுக்கும் சோடியம் இறங்கி, ஒரு வாரத்துல தேறினார். வெயிலான், ஊறுகாய் மேல பழி போடாதீங்க. அந்த நம்பர் ரத்தத்துல தண்ணிக்கு எவ்வளவு சோடியம்ங்கிற கணக்கு. ரசத்துல உப்பைக் குறைச்சாலும் தண்ணியைக் கூட்டினாலும் ருசி ஒண்ணுதானே? மாத்திரை, வாந்தி, மேல வெறும் தண்ணியா குடிச்சது எல்லாம் சேர்ந்திருக்கும். இதுக்கு வீட்டுல உப்பு கரைச்சுக் குடுக்காதீங்க. மடமடன்னு ஏத்தினா மூளைத்தண்டு நரம்போட உறை கெடும். அதான் 24 மணி நேரத்துல 8, மிஞ்சினா 10க்கு மேல ஏத்த மாட்டாங்க. மல்லிப்பூ, சாம்பிள்ல சிவப்பணு உடைஞ்சாலும் பொட்டாசியம் பொய்யா கூடும். மறுபடி எடுத்துப் பார்த்தீங்களா?

மல்லிப்பூ:
ஈசிஜியுமா சார் உடைஞ்சுது?

தாமரைக்குளம்:
1994, பையன் வயித்துல ஏழு மாசம். கால் வீங்கினதும் ஊரே 'உப்புநீர்'னு சொல்லிடுச்சு. நர்ஸம்மா என் சிறுநீர் இருந்த கண்ணாடிக் குழாயைச் சாய்ச்சுப் பிடிச்சு, மேல்பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்குல காட்டினாங்க. அவிச்ச முட்டை வெள்ளை மாதிரி திரிஞ்சுது. ரெண்டு சொட்டு ஆசிட் விட்டாங்க. கலைஞ்சா பாஸ்பேட்ங்கிற உப்பு, கலையலைன்னா ஆல்புமின்ங்கிற புரதம். கலையவே இல்லை. பிரஷர் 160. அது உப்பு இல்ல, புரதம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் மாமியார் எனக்கு ஊத்தினது உப்பில்லாக் கஞ்சி.