அந்த நவம்பர் இரவு: பினாங்கு வெள்ளத்தில் வேலை பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஜெலுத்தோங்காரன்

2017 நவம்பர் 4 பற்றிப் பினாங்குக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சனிக்கிழமை மத்தியானம் பிடித்த மழை, ராத்திரி காற்றோடு சேர்ந்துகொண்டு, விடிவதற்குள் தீவையும் அக்கரையில் இருக்கிற செபராங் பிறையையும் புரட்டிப் போட்டது. சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல். 7 உயிர் போனது. நான் அப்போது பொதுத் தற்காப்புப் படையில் தொண்டர். படகில் ஏற்றவில்லை. நடவடிக்கை அறையில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

ஐந்து பேர் போன் எடுத்தார்கள். எடுத்தவர் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார், நான் பலகையில் ஏற்றுவேன். வரிசை எண், இடம், எத்தனை பேர், எந்தப் படகு, முடிந்ததா. அவ்வளவுதான் முறை. ஆனால் வீட்டு எண் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? "சூராவுக்கு (சின்னத் தொழுகைக்கூடம்) பின்னால மஞ்சள் கேட்டு", "மூடிப்போன கோப்பிக் கடைக்கு எதிர் வீடு". ஒரே வீட்டிலிருந்து அம்மா, மகன், கோலாலம்பூரில் இருக்கிற மகள் என்று மூன்று பேர் கூப்பிட்டதில் மூன்று வரிசை ஆகி, இரண்டு படகு ஒரே வாசலில் போய் நின்றது.

ஒரு மணி தாண்டியிருக்கும். சாரல் உள்ளே அடித்ததால் ஜன்னலைச் சாத்தப் போனேன். சட்டைக் கை முழுக்க நனைந்துவிட்டது. திரும்பி வந்து, இடது கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு 9-ஆம் வரிசைக்குப் படகு எண் எழுதினேன். கையை எடுத்தபோது 14-ஆம் வரிசையில் இடம் எழுதியிருந்த கட்டம் இல்லை. நீல மை ஒழுகிக்கொண்டிருந்தது. "4 பேர், 1 குழந்தை" என்பது மட்டும் பாக்கி.

சீட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஐந்து பேரையும் கேட்டேன். ஆளுக்கு ஐம்பது அறுபது அழைப்பு எடுத்திருந்தார்கள், யாருக்கு நினைவிருக்கும்? "திரும்பக் கூப்பிடுவாங்க, அடுத்ததைப் பாரு" என்றார் மேலே இருந்தவர். கூப்பிட்டிருக்கலாம். 22 ஆகவோ 31 ஆகவோ மறுபடி ஏறியிருக்கலாம். இறந்த 7 பேரும் எந்தெந்த இடம் என்று நாளிதழை வைத்துக்கொண்டு எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. பொருந்தி வரவில்லை. ஆனாலும் அந்த நான்கு பேர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு வேலை பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா

நான் அக்கரையில் ஒரு பள்ளி மண்டபத்தில் இருந்தேன். நிவாரண மையமாக மாற்றிய மண்டபம். ஞாயிறு காலை பதினோரு மணிக்குள் அறுபது குடும்பம் வந்துவிட்டது. பாய் இருபதுதான் இருந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் மட்டும் மூன்று இடத்திலிருந்து மூன்று தடவை வந்து குவிந்தது. இரண்டு மைல் தள்ளி இருந்த இன்னொரு மண்டபத்தில் பிள்ளைகள் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்ததைச் சாயங்காலம்தான் கேள்விப்பட்டேன். யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ள ஆளில்லை.

நான் எழுத வந்தது ஒரு பாட்டியைப் பற்றி. தீபாவளி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பாட்டி முறுக்கு டின் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ஈரப் புடவை, காலில் செருப்பில்லை. பசிக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, "பாட்டி, டின்னை வச்சிட்டு முதல்ல தேத்தண்ணி குடிங்க" என்றேன். விடவில்லை. பதிவு மேசைக்கு வந்ததும் அவரே திறந்தார். உள்ளே முறுக்கு இல்லை. பிளாஸ்டிக் பையில் மூன்று முடிச்சுப் போட்டு, செத்துப்போன தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், இரண்டு பேத்திகளின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), தன்னுடைய சிவப்பு அடையாளக் கார்டு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தருவது. டின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

மேசையில் இருந்தவர் சிவப்புக் கார்டைப் பார்த்துவிட்டு, "இது உதவிப் பணப் பட்டியலில் வருமா தெரியாது, ஓரமா நில்லுங்க" என்றார். அந்த மனிதரைத் திட்டவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காதவர். ஆனால் இந்த மண்ணில் எழுபது வருஷம் இருந்தவரை ஓரமாக நிற்கச் சொன்னால் என்ன செய்வார்? பாட்டி ஒன்றும் பேசவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பையில் போட்டு, அதே மூன்று முடிச்சைப் போட்டார். கை நடுங்கியதில் மூன்றாவது முடிச்சு விழவில்லை. நான் போட்டுக் கொடுத்தேன்.

பிறை லோரி

ஜெலுத்தோங்காரன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பலகையில் எழுதினதும் அழிந்ததும் இரண்டாவது விஷயம். படகு வந்து சேர்ந்ததா என்பதுதான் முதல் விஷயம். சுங்கை பட்டாணியிலிருந்து இரண்டு ஃபைபர் படகை என் மூன்று டன் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். இன்ஜினும் பெட்ரோலும் கூடவே. பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பிறையில் வந்ததும் ஒருவர் போனில், "உத்தரவு வரும், அங்கேயே நில்லுங்கள்" என்றார். இரண்டாவது ஆள் நேராகத் தீவில் இருக்கிற சுங்கை பினாங் போகச் சொன்னார். மூன்றாவது ஆள், "புக்கிட் மெர்தாஜாம் திரும்புங்கள், அங்கேதான் அவசரம்" என்றார். நான்காவது ஒருவர், "நீங்க யாரு, யார் அனுப்பினது?" என்று கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு சங்கத்துக்காரர் படகைக் கொடுத்தார், ஏற்றிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

மழையில் லோரிக்குள் உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் வாசனையில் தலை சுற்றியது. சாலையில் விழுந்த மரத்தைத் தாண்டி ஒரு ஆள் தன் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் நடந்து போனார். லோரியின் பின்னால் இரண்டு படகு இருந்ததைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

தண்ணீர்மலை வாசி

எல்லோரும் மழையையும் அதிகாரிகளையும் சொல்கிறீர்கள். அடிப்படை ஒன்று விட்டுப்போகிறது. அன்றைக்கு ஐப்பசிப் பௌர்ணமி. பௌர்ணமிக்குக் கடல் ஏற்றம் அதிகம். மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர், ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து சுங்கை பினாங் ஆற்று வழியாகக் கடலுக்குப் போயாக வேண்டும். கடல் மேலே நிற்கும்போது எங்கே போகும்? வீட்டுக்குள்தான்.

அப்புறம், "நம்ம நாட்டுக்குப் புயல் வராது" என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு. அதே நவம்பர் 4 அன்று டாம்ரே புயல் வியட்நாமின் நா சாங் பக்கம் கரையேறியது. நம் பக்கத்தில் இருந்தது தாழ்வழுத்தம்தான், ஆனால் காற்று மரத்தை வேரோடு சாய்க்கப் போதுமானதாக இருந்தது. 1996 டிசம்பரில் கிரெக் புயல் சபாவில் கெனிங்காவைத் தாக்கி 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2001 டிசம்பர் 27 அன்று வாமேய் புயல் ஜொகூரில் கரையேறியது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில் புயல் உருவாகாது என்று அதுவரை பாடப் புத்தகம் சொன்னது. அதனால் வராது என்று எழுதி வைக்காதீர்கள்.

லோரி அண்ணன் சொன்னதற்கும் ஒரு பதில் உண்டு. யார் அதிகாரி என்பது நம் நாட்டில் அன்றைக்கே எழுத்தில் தெளிவாகவே இருந்தது. தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் எண் உத்தரவு, 1997-ல் வந்தது, 2012-ல் திருத்தினார்கள். அதன்படி மாவட்ட அளவில் மாவட்ட அதிகாரி தலைமை, மாநில அளவில் மாநிலச் செயலாளர், அதற்கு மேலே துணைப் பிரதமர். களத்தில் போலீஸ் தளபதி, அவருக்கு அடுத்து போம்பா, அதாவது தீயணைப்புப் படை. அன்றைக்கு விடியற்காலை மூன்று மணிக்கு முதலமைச்சர் துணைப் பிரதமருக்கே போன் போட்டு ராணுவத்தைக் கேட்டது எல்லோருக்கும் தெரியும். மேலே உள்ள ஏணி இருக்கிறது. ஏணியின் கீழே, சங்கத்துப் படகும் கோயில் சமையலும் எந்தப் படியில் சேரும் என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே சங்கங்கள் செய்ய வேண்டியது இது. மழைக்காலம் பிறப்பதற்கு முன்பே மாவட்ட அலுவலகத்தில் போய்ப் படகு எத்தனை, இன்ஜின் எத்தனை குதிரைத்திறன், ஓட்டுபவர் யார், அவருடைய போன் எண் என்ன என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு ஆள், ஒரே ஆள், அந்த எண்ணில் இருக்கட்டும். படகின் இரண்டு பக்கத்திலும் பெரிய எழுத்தில் எண் எழுதுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் எந்தப் படகையும் இறக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்கள், தண்ணீர் வாசலுக்கு வந்தவுடன் மின்சார மெயின் சுவிட்சை அணையுங்கள். போனில் இருப்பிடப் புள்ளியை அனுப்பி, கூடவே அருகில் தெரிகிற மின்கம்பத்து எண்ணையும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் "அணை உடைந்துவிட்டது" என்று வந்தால் அனுப்பியவரிடம், "நீங்க பார்த்தீங்களா?" என்று கேளுங்கள்.

என் கதை சின்னது. அப்படி ஒரு செய்தி அன்று ராத்திரி எங்கள் தெருவுக்கும் வந்தது. பக்கத்து வீட்டு ஐயா, இதய நோயாளி, அதை நம்பி இருட்டில் மேட்டுக்கு ஓடினார். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அணை உடையவே இல்லை.

செந்தூல் பொண்ணு

நான் பினாங்கு இல்லை, கோலாலம்பூர். ஆனால் ஜெலுத்தோங்காரன் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. செந்தூலில் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும்தான் தண்ணீர். மோசமாக அடிபட்டது ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா. டுவிட்டரில் டாருராட்பஞ்சிர் (வெள்ள அவசரம்) என்ற குறியோடு ஆயிரக்கணக்கில் முகவரி வந்து விழுந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் முகம் பார்க்காதவர்கள், ஒரு எக்செல் தாளைத் திறந்து அதையெல்லாம் வரிசைப்படுத்தினோம். மீட்கப்பட்டால் அந்த வரிசைக்குப் பச்சை நிறம்.

எனக்கு வந்த ஒரு வீட்டில் போன் எடுத்தது பத்து வயதுப் பெண். அம்மாவும் பாட்டியும் மாடியில். "தண்ணீர் எவ்வளவு இருக்கும்மா?" என்று கேட்டேன். "அக்கா, ஏழாவது படி" என்றாள். படிக்கட்டை எண்ணச் சொன்னது நான் இல்லை, அவளே எண்ணியிருக்கிறாள். அரை மணி கழித்துப் பார்த்தால் அந்த வரிசை பச்சை. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். விடிகாலை ஒரு குரல் செய்தி வந்தது. "அக்கா, பதினோராவது படி. படகு வருமா?" அந்தச் சந்தில் ஒரு படகு போனதை யாரோ பார்த்து, சந்தில் இருந்த எல்லா வீட்டையும் பச்சையாக்கிவிட்டார்கள்.

ஞாயிறு மத்தியானம் ஒரு மீனவர் தன் சொந்தப் படகில் அவர்களைக் கூட்டி வந்தார். மூவரும் நலம். ஆனால் பச்சை நிறத்தைப் பார்த்தால் எனக்கு இன்னமும் நம்பிக்கை வருவதில்லை. தண்ணீர்மலை வாசி ஐயா, நீங்கள் சொன்ன ஏணி, படகு எண் எல்லாம் சரி. "முடிந்தது" என்று எழுத யாருக்கு உரிமை என்பதை அந்த உத்தரவில் எங்கே எழுதியிருக்கிறார்கள்? காப்பாற்றப்பட்டவரே போனில் வந்து, "நான் மேட்டில் இருக்கிறேன்" என்று சொன்னால் ஒழிய அந்த வரிசையை மூடக்கூடாது. நாங்கள் ஞாயிறு காலையிலிருந்து அப்படித்தான் செய்தோம். மெதுவாகத்தான் போனது, போகட்டும்.

பட்டர்வொர்த் அக்கா

பொண்ணு, பதினோராவது படி என்று படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் குழந்தையோடு பிறகு பேசினாயா?

செந்தூல் பொண்ணு

பேசினேன் அக்கா. பள்ளிக்கூடப் புத்தகமெல்லாம் போய்விட்டது என்று அழுதாள். இரண்டு பெட்டி அனுப்பி வைத்தோம்.

ஜெலுத்தோங்காரன்

லோரி அண்ணே, கோபமில்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அதற்காகத்தான் மறுபடி வந்தேன். சுங்கை பட்டாணியிலிருந்து இரண்டு ஃபைபர் படகு என்று நீங்கள் எழுதியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் பலகையில் இருந்தது. நானே எழுதினேன். "எஸ்.பி. படகு 2, சுங்கை பினாங் சேர்ந்தது, 1.40." அதை வைத்துத்தான் அந்தப் பக்கத்துக்கு வேறு படகு கேட்கவில்லை. யார் சொல்லி "சேர்ந்தது" என்று எழுதினேன் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். அன்றைக்கு நீங்கள் பாலத்தைத் தாண்டிய நேரம் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

பிறை லோரி

நினைவு வேண்டாம் தம்பி, லோரியின் லாக் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பாலம் ஏறியது 3.25.