தொட்டிக்குள் இறங்குமுன் இத்தனை பேர் சோதிப்பது தேவைதானா?

துவாஸ் மேற்பார்வையாளர்:
வணக்கம். சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் ரசாயனத் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் குழு ஒன்றுக்கு அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். ஆளை உள்ளே இறக்குவதற்கு முன் நான் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாதுகாப்பு மதிப்பீட்டாளர் வாயுவை அளக்க வேண்டும். பிறகு மேலாளர் கையெழுத்திட வேண்டும். இவை போக, வாசலில் ஒருவர் காவலுக்கு நிற்கிறார், இறங்குபவரும் மார்பில் வாயு அளக்கும் மீட்டர் மாட்டிக்கொள்கிறார். ஒரே காற்றை எத்தனை முறைதான் பார்ப்பது என்று அனுபவமிக்க ஊழியர்களே சலித்துக்கொள்கிறார்கள். சட்டம் சொல்கிறது என்பதைத் தாண்டி, அவர்கள் மனத்தில் பதியும்படி இதை எப்படி விளக்குவது?

வாயு மதிப்பீட்டாளர்:
ஐயா, அது ஒரே காற்று அன்று என்பதிலிருந்தே தொடங்குங்கள். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று நான் காலையில் பார்க்கிறேன். ஆனால் அடியில் படிந்திருக்கும் சகதியை மண்வெட்டியால் கிளறும்போது, அதுவரை சிறைப்பட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறலாம். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கும். செறிவு மிகும்போது மூக்கின் முகரும் திறனையே மழுங்கடித்துவிடும் என்பதால் வாடையை நம்பவும் முடியாது. நான் அளந்தபோது இல்லாத ஆபத்தை மார்பில் உள்ள மீட்டர்தான் காட்டும். அந்த மீட்டர் பழுதானாலும், உள்ளிருப்பவர் தள்ளாடுவதை வாசலில் நிற்பவர் கண்டு உதவிக் குழுவை அழைப்பார். அவர் பதற்றத்தில் தாமும் உள்ளே இறங்கிவிடக் கூடாது. காப்பாற்றப் போனவரும் இறந்த விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆயினும் சோதனை அடுக்குகளின் எண்ணிக்கை மட்டுமே காப்பாற்றிவிடாது என்பதையும் உங்கள் குழுவினர் அறிய வேண்டும். 2004 ஏப்ரல் 20 அன்று, வட்டப்பாதை ரயில் தடத்துக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, நால்வர் உயிரிழந்தனர். அங்கும் சோதனைகள் இல்லாமல் இல்லை. பள்ளத்தைத் தாங்கிய எஃகு முட்டுகள் சுவரோடு சேரும் இணைப்புகளின் வடிவமைப்பில் பிழை இருந்தது, அது பிடிபடவில்லை. சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நகர்வதைக் கருவிகள் காட்டின. ஆனால் வேலையை நிறுத்திக் காரணத்தைத் தேடுவதற்குப் பதிலாக, மறுகணக்குப் போட்டு அனுமதிக்கப்பட்ட வரம்பையே உயர்த்தினார்கள். முதல் அடுக்கு தவறவிட்டதை இரண்டாவது அடுக்கு கண்டுபிடித்தது, கண்டுபிடித்ததை யாரும் மதிக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அதே ஆண்டு நேர்ந்த வேறு பெரிய விபத்துகளும் சேர்ந்துதான், 2006 மார்ச்சில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வர வழிசெய்தன.

பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்:
ஊழியர்களின் சலிப்பில் ஒரு நியாயமும் இருக்கிறது. நான் முன்பு பணிபுரிந்த ஒரு தளத்தில், பெர்மிட் படிவங்களில் ஆக்சிஜன் கட்டம் முழுவதும் 20.9 என்று ஒரே பேனாவால், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தது. வாயு அளக்கும் கருவி அந்நாள்களில் பழுதுபார்க்கச் சென்றிருந்தது பின்னர்தான் தெரியவந்தது. கையெழுத்திட்டவர்கள் ஒவ்வொருவரும் தமக்கு முந்தையவர் பார்த்திருப்பார் என்று நம்பியிருக்கிறார்கள். ஆகவே மேலாளர் தம் மேசையில் இருந்தபடி கையெழுத்திடாமல், தொட்டியருகே வந்து, காற்றோட்டக் குழாய் எதுவரை இறங்கியிருக்கிறது, இணைப்புக் குழாய்கள் அடைக்கப்பட்டுள்ளனவா என்று தம் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் அடுக்கும் வேறொன்றைப் பார்க்கும்போது ஊழியர்களும் அதை வீண்வேலையாக நினைக்கமாட்டார்கள்.

துவாஸ் மேற்பார்வையாளர்:
அனைவருக்கும் நன்றி. வேலை தொடங்குமுன் நடத்தும் பாதுகாப்புக் கூட்டமான அடுத்த டூல்பாக்ஸ் மீட்டிங்கைத் தொட்டியின் வாசலிலேயே நடத்தி, மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் மீட்டரை இறக்கி எண்களை அவர்களையே வாசிக்கச் சொல்லப்போகிறேன். மதிய உணவு முடிந்து மீண்டும் இறங்கும்போது காலை அளவை நம்பலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வாயு மதிப்பீட்டாளர்:
நம்பக் கூடாது. என்னை மறுபடியும் அழையுங்கள்; வந்து அளந்த பிறகே ஆளை இறக்குங்கள்.