கடை கம்ப்யூட்டரை எடுத்துப் போனால், அதற்குள் இருக்கும் ஊர்க்காரர்களின் ஆவணங்களுக்கு யார் பொறுப்பு?

நீடாமங்கலம் கடைக்காரன்:
ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை செய்யும் சின்னக் கடை என்னுடையது. கார்த்திகையில் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். யாரோ ஒருவர் இல்லாத நிலத்துக்குச் சம்பா பயிர்க் காப்பீடு கட்டியிருக்கிறாராம். அதற்குக் காட்டிய அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் வருவாய்த்துறைச் சான்று, என் கடையில் திருத்தப்பட்டதோ என்று சந்தேகம். விசாரிக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் சிபியு, ஹார்ட் டிஸ்க் இரண்டையும் அப்படியே எடுத்துப் போய்விட்டார்கள். எடுத்த பொருள்களைக் குறித்துத் தரும் மகஜரில் 'கருப்பு நிற சிபியு ஒன்று, ஹார்ட் டிஸ்க் ஒன்று' என்று மட்டும் இருக்கிறது. நாலு வருஷமாக வந்துபோன விவசாயிகளின் ஆதார், சிட்டா, பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. என் மகளின் சடங்குப் படங்களும் இருக்கின்றன. தை பிறந்துவிட்டது, இன்னும் திரும்பி வரவில்லை. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பதிவு செய்ய வருகிறவர்களை எதிர்க்கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் மேல் சந்தேகம் என்றால் அத்தனை பேரின் காகிதத்தையும் பார்க்கலாமா?

ஓய்வு எஸ்.ஐ., தஞ்சை:
தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்தப் பக்கமும் பாருங்கள். 'நாளைக்கு வருகிறோம், அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து வையுங்கள்' என்று சொன்னால் எந்தக் குற்றவாளி வைத்திருப்பான்? அழிக்க அஞ்சு நிமிஷம் போதும். திருத்திய அடங்கலை 'கல்யாணப் பத்திரிகை' என்ற பெயரில் சேமித்திருந்தால் எல்லாவற்றையும் திறந்துதானே பார்க்க வேண்டும்? பொய்க் கணக்கில் போகும் காப்பீட்டுப் பணம் நிஜமாகவே பயிர் மூழ்கியவனுடையது. அவனுக்காகவும் யாராவது பேச வேண்டும்.

வெண்ணாறு:
ஐயா, எங்கள் அப்பாவுக்கு ஒன்பது மா நிலம். அவருடைய காகிதமும் இப்படி ஒரு கடைக் கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது. சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மூல டிஸ்க்கில் எதுவும் எழுத முடியாதபடி இணைத்து, அச்சு அசலாகப் பிரதி எடுத்து, அதன் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டுக் கடைக்காரர் முன்னாலேயே எழுதிக் கொடுக்கலாமே. உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் முழுசாக மாறிவிடும். அது இல்லாமல் எடுத்துப் போனால், நாளை அதில் புதிதாக ஒரு கோப்பு இருந்தால் யார் வைத்தது என்று எப்படிச் சொல்வது? இது போலீஸைக் காப்பாற்றும் ஏற்பாடும்தான்.

ஓய்வு எஸ்.ஐ., தஞ்சை:
சொல்வது சுலபம் அம்மா. ஒரு டெராபைட் டிஸ்க்கைப் பிரதி எடுக்க எத்தனை மணி நேரம் ஆகும்? அதுவரை கடை வாசலில் கூட்டம் கூட விடுவதா? எல்லா ஸ்டேஷனிலும் அந்தக் கருவி கிடையாது. சீல் வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் நடக்கக்கூடிய வழி. இன்னொன்று, கடைக்காரத் தம்பிக்கு. நாலு வருஷத்து ஆதார் நகலை நீங்கள் ஏன் வைத்திருந்தீர்கள்? அந்தரங்கம் என்று பேசுகிறவர் முதலில் வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும்.

நீடாமங்கலம் கடைக்காரன்:
ஐயா சொன்னது சுருக்கென்று தைக்கிறது, நியாயம்தான். ஆனால் வருகிறவர்கள் 'போன வருஷம் கொடுத்தேனே, அதையே போடு தம்பி' என்பார்கள். ஆதார் வீட்டில், பாஸ்புக் மகன் கையில். அவர்களை மறுபடி பஸ் ஏற்றி அனுப்ப மனசு வராமல்தான் வைத்தேன். இனி அழித்துவிடுவேன். அதற்காக எடுத்துப் போனவர்கள் பொறுப்பில்லாமல் வைத்திருக்கலாம் என்று ஆகிவிடுமா?

கும்பகோணம் வக்கீல்:
சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 80ஆவது பிரிவின்படி, பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி வாரண்ட் இல்லாமலே சோதனை போடலாம். கடை என்ற வார்த்தையே அதில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றத்துக்குத்தான் அது, வந்தவர் யார் என்பதைக் கேளுங்கள். மறுபக்கம், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு கைவைக்கச் சட்டம் வேண்டும், நியாயமான தேவை வேண்டும், அந்தத் தேவையின் அளவைத் தாண்டவும் கூடாது. ஒரு அடங்கலைத் தேட ஊர் முழுக்க ஆதாரைப் புரட்டுவது இந்த மூன்றாவதில்தான் இடிக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவுப்படி, சோதனையையும் பட்டியல் போடுவதையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். எடுத்தார்களா?

நீடாமங்கலம் கடைக்காரன்:
யாரும் போனைக்கூட வெளியே எடுக்கவில்லை சார்.

ஓய்வு எஸ்.ஐ., தஞ்சை:
அது தப்பு. வீடியோ எடுக்காமல் விட்டதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், என் காலத்தில் இந்த விதி இல்லாவிட்டாலும் மகஜரில் சீரியல் நம்பரை எழுதாமல் விட்டதில்லை. ஆனால் மூலக் கருவியை எடுக்கவே கூடாது என்றால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணு ஆதாரத்துக்கான 63ஆவது பிரிவுச் சான்றிதழிலேயே ஹேஷ் எண் கேட்கிறார்கள். அந்த எண்ணை எப்படியும் எடுத்தாக வேண்டும், எங்கே எடுப்பது என்பதில்தான் வித்தியாசம்.

வெண்ணாறு:
அந்த வித்தியாசம்தான் ஐயா எனக்குப் பெரிது. கடையில் எடுத்தால் சொந்தக்காரர் கண்ணால் பார்க்கிறார். ஆறு வாரம் கழித்து வேறு ஊரில் எடுத்தால், நடுவில் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

கும்பகோணம் வக்கீல்:
கடைக்காரரே, இடைக்காலமாகப் பொருளைத் திருப்பித் தரச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு சிபியுவைக் கொடுங்கள் என்று கேட்கலாம். மகஜர் நகலையும் எடுத்து வாருங்கள்.

நீடாமங்கலம் கடைக்காரன்:
திங்கள்கிழமை வருகிறேன் சார். அதற்குள் ஒரு வேலை. தங்கள் காகிதம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று அந்த விவசாயிகள் யாருக்கும் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. ஞாபகத்தில் இருக்கிற பெயர்களை நோட்டில் எழுதினேன், இருநூறைத் தாண்டிவிட்டது. அறுப்பு முடிந்து கடைப்பக்கம் வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.